கொத்தை எண்ணுவது எளிது, எடை போடுவதில்தான் இருக்கிறது வேலை

சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கரும்பொருளைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. அப்படியிருக்க, கேலக்ஸி கொத்துகளை எண்ணிவிட்டு ‘ஒமேகா எம் 0.29’ என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? 2020-இல் ஒரு குழு எஸ்-8 என்பதை 0.65 என்றது. 2024-இல் இன்னொரு குழு 0.86 என்றது. இரண்டுக்கும் பிழை வரம்பு மிகச் சிறியது. யாரை நம்புவது? இதை நான் ப்ராஜெக்டாக எடுக்கலாமா?” மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்தப் பிழை வரம்புக்குள் என்னவெல்லாம் அடக்கம், என்னவெல்லாம் வெளியே நிற்கிறது? பத்தாண்டுக்கு மேல் கொத்துகளின், அதாவது ஈர்ப்பால் கட்டுண்ட கேலக்ஸிக் கூட்டங்களின், எக்ஸ் கதிர்த் தரவோடு வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈர்ப்பு லென்சிங் (எடை ஒளியை வளைப்பது) படங்களில் கேலக்ஸிகளின் வடிவம் அளக்கும் வேலையை நான் கையால் செய்ததில்லை. அதில் அடுத்தவர் செய்ததைப் படித்தும் பயன்படுத்தியும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்த்துவிடுவோம். ஒமேகா எம் என்பது பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் அடர்த்தியில் பொருளுக்கு உள்ள பங்கு. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் கரும்பொருளும் சாதாரணப் பொருளும் சேர்ந்தது. சிக்மா-8 என்பது அந்தப் பொருள் எவ்வளவு திட்டுத்திட்டாகக் கிடக்கிறது என்பதன் அளவு. ஏறத்தாழ 3.7 கோடி ஒளியாண்டு ஆரமுள்ள கோளங்களை வானமெங்கும் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் பொருள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அது சொல்லும். எஸ்-8 இந்த இரண்டின் கலவை: ஒமேகா எம்-ஐ 0.3-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, சிக்மா-8-ஆல் பெருக்க வேண்டும். இப்படி ஏன் கலக்கிறார்கள் என்றால், பெரிய கொத்துகள் நிறைய இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பொருள் அதிகமாக இருக்கலாம், அல்லது இருக்கிற பொருள் அதிகமாகத் திரண்டிருக்கலாம். வெறும் எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது, கலவையைத்தான் நன்றாகக் காட்டும். பிரிக்க வேண்டுமானால் தொலைவுக்குப் போக வேண்டும், அதாவது காலத்தில் பின்னோக்கி. பொருள் குறைவான பிரபஞ்சத்தில் கொத்துகளின் வளர்ச்சி சீக்கிரமே மட்டுப்பட்டுவிடும். அதனால் 700 கோடி ஆண்டுகளுக்கு முன் எத்தனை கொத்துகள், இன்று எத்தனை என்று ஒப்பிட்டால் ஒமேகா எம் தனியே பிரிந்து வரும்.

ஏன் கொத்துகள்? இதற்கு நுங்கம்பாக்கம் மழைமானியை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 140 செ.மீ. அந்தச் சராசரி கொஞ்சம் கூடினால் தூறல் நாட்களின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டும் நாட்களின் எண்ணிக்கை தாறுமாறாக மாறிவிடும். அரிதான நிகழ்வு எப்போதும் விநியோகத்தின் வால் நுனியில் இருக்கும். நடுப்பகுதி சற்று அசைந்தாலே வால் நுனி வெகுவாக ஆடும். கேலக்ஸி கொத்து என்பது பிரபஞ்சத்தின் 20 செ.மீ. மழை நாள். நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் ஒரே ஈர்ப்பில் கட்டுண்டு கிடக்கும் இடம் அது. எடை 100 லட்சம் கோடி சூரியன்களிலிருந்து 1,000 லட்சம் கோடி சூரியன்கள் வரை. (இயற்பியல்படி ‘நிறை’ என்றுதான் எழுத வேண்டும். எங்கள் பேச்சில் எடை போடுவது என்றே வழங்குவதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.) சிக்மா-8 கொஞ்சம் மாறினாலும் இந்த எடையுள்ள கொத்துகளின் எண்ணிக்கை பல மடங்கு மாறும். எந்த எடையில் எத்தனை கொத்துகள் இருக்கும் என்று கணக்கிட பிரெஸ், ஷெக்டர் இருவரும் 1974-இல் ஒரு வழி காட்டினார்கள். இன்று கணினி உருவகப்படுத்தல்களால் செப்பனிட்ட சூத்திரங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் எனக்குப் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

சந்தேகம் வருவது மழைமானியிடம். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் ஒரே மழை பெய்து, மீனம்பாக்கத்து மானி மட்டும் 20 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் தட்பவெப்பமே வேறு என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். எத்தனை ஆண்டு தரவு சேர்த்தாலும் அந்தப் பிழை கரையாது. பிழை வரம்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகும், தவறான எண்ணைச் சுற்றி. கொத்துகளிலும் நடப்பது இதுதான். எடை கூடக் கூட எண்ணிக்கை அவ்வளவு செங்குத்தாகச் சரிவதால், எடையில் 10 விழுக்காடு தவறினால் எண்ணிக்கையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தவறும். அது சிக்மா-8-இல் 3 அல்லது 4 விழுக்காடாக வந்து நிற்கும். இன்று சண்டை நடப்பதே அந்த 3, 4 விழுக்காட்டுக்காகத்தான்.

எடையை எப்படிப் போடுகிறார்கள்? முதல் தராசு வேகம். மே மாதத் தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் நின்று உச்சிக்குச் சற்று வடக்கே பாருங்கள். நகர வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் திசையில், சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில், கோமா கொத்து இருக்கிறது. 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் அதன் கேலக்ஸிகளின் வேகச் சிதறலைப் பார்த்தார்: நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. அவ்வளவு வேகத்தில் ஓடுபவை சிதறிப் போகாமல் கட்டுண்டு கிடக்க எவ்வளவு எடை வேண்டும்? கணக்கு அரைப் பக்கம்தான். வேகத்தின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்குங்கள், ஆரம் 1.5 மெகாபார்செக்கால் (சுமார் 50 லட்சம் ஒளியாண்டு) பெருக்குங்கள், ஈர்ப்பு மாறிலியால் வகுங்கள். இந்த அலகுகளில் மாறிலியின் மதிப்பு 4.3 × 10⁻⁹. விடை 1,000 லட்சம் கோடி சூரியன்கள். இதை நீங்களே போட்டுப் பாருங்கள். எனக்கு முதன்முதலில் அந்த விடை தாளில் வந்தபோது உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை வைத்துப் பார்த்தால் இருக்க வேண்டியதைவிட 400 மடங்கு என்றார் ஸ்விக்கி. அன்று பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை எட்டு மடங்கு கூடுதலாக வைத்திருந்ததால் அந்த 400 மிகை. அதைச் சரிசெய்தாலும் 50 மடங்கு மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி பிறகு எக்ஸ் கதிர் வானியல் கண்டுபிடித்த சூடான வாயுவுக்குப் போனது. மீதி போகவில்லை.

அந்த வாயுதான் இரண்டாவது தராசு, என் வாழ்நாளின் பெரும்பகுதி அதோடுதான் போயிற்று. கோமாவில் அந்த வாயுவின் வெப்பநிலை சுமார் 9 கோடி கெல்வின். கொத்திலுள்ள எல்லா விண்மீன்களையும் கூட்டினாலும் இந்த வாயுவின் எடைக்குப் பக்கத்தில் வராது. வாயு உள்ளே சரிந்து விழாமலும் வெளியே ஓடாமலும் நிற்கிறது, அதாவது அழுத்தமும் ஈர்ப்பும் சமம் என்று வைத்துக்கொண்டால், வெப்பநிலையும் அடர்த்தியும் ஆரத்தோடு எப்படி மாறுகின்றன என்பதிலிருந்து எடை வந்துவிடும். இதிலுள்ள ஓட்டை அந்த ‘வைத்துக்கொண்டால்’. கொத்துகள் ஒன்றோடொன்று மோதி வளர்ந்துகொண்டே இருப்பவை. வாயு உள்ளுக்குள் சுழித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சுழிப்பும் அழுத்தம் தருகிறது. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் அது கணக்கில் வராது, எடை குறைவாகக் காட்டும். 2016-இல் ஹிட்டோமி செயற்கைக்கோள், செயலிழப்பதற்கு முன் கிடைத்த சில வாரங்களுக்குள், பெர்சியஸ் கொத்தின் மையத்தில் அந்தச் சுழிப்பின் வேகத்தை அளந்தது: நொடிக்கு 164 கி.மீ. மையத்தில் அது தரும் அழுத்தம் வெப்ப அழுத்தத்தில் சில விழுக்காடுதான். ஆனால் எடையின் பெரும்பகுதி இருப்பது விளிம்பை நோக்கிய பகுதியில். அங்கே எடை 10-லிருந்து 30 விழுக்காடு வரை குறைவாகக் காட்டும் என்கின்றன உருவகப்படுத்தல்கள். 2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோள் இந்த அளவீட்டைத்தான் தொடர்கிறது.

மூன்றாவது தராசு ஈர்ப்பு லென்சிங். வாயு சமநிலையில் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே இதில் கிடையாது. எடை ஒளியை வளைக்கிறது, அவ்வளவுதான். கொத்துக்குப் பின்னால் வெகுதொலைவிலுள்ள கேலக்ஸிகளின் வடிவம் அந்த வளைவால் சற்றே இழுபடும். எவ்வளவு? கொத்தின் வெளிப்பகுதியில் ஒன்றிரண்டு விழுக்காடு. ஆனால் கேலக்ஸிகள் இயல்பாகவே நீள்வட்டமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடப்பவை. அந்தச் சிதறல் மட்டுமே 25, 30 விழுக்காடு இருக்கும். ஒரு கேலக்ஸியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவற்றைச் சராசரி எடுத்தால்தான் ‘எல்லாம் கொத்தைச் சுற்றி வளையம்போலச் சாய்கின்றன’ என்பது எழும்பி வரும். அதற்குள் வளிமண்டலம் படத்தை மங்கலாக்கியதைக் கழிக்க வேண்டும், பின்னால் உள்ளவை என்று நினைத்தவற்றில் எத்தனை உண்மையில் கொத்துக்குள்ளேயே இருப்பவை என்று பார்க்க வேண்டும், அவற்றின் தொலைவுகளை நிறத்தை வைத்து மதிப்பிட வேண்டும். ஒரு கொத்துக்கு எடுத்தால் இது நடுங்கும் தராசு. பல நூறு கொத்துகளுக்குச் சராசரி எடுத்தால் இன்று நம்மிடமுள்ள மிக நேர்மையான தராசு. அதனால் இப்போது எக்ஸ் கதிரிலோ நுண்ணலையிலோ கொத்துகளைக் கண்டுபிடித்து, லென்சிங்கை வைத்து எடைக்கல்லைச் சரிபார்க்கிறார்கள்.

என் ஆராய்ச்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கைக் கணக்கை எழுதி, எம்.சி.எம்.சி. (தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளைச் சங்கிலி சங்கிலியாகத் தேடும் கணினி முறை) ஓட்டி, மூன்று நாள் கழித்து அழகான முட்டை வடிவ வரம்புகள் வந்தன. சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, பிழை வரம்பும் சின்னது. ஆனால் சிக்மா-8 எங்கோ கிடந்தது. ஒரு மாதம் இயற்பியல் காரணம் தேடினேன். நியூட்ரினோ எடைகூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், எண்ணிக்கைச் சூத்திரம் எடையை ‘சூரிய எடை வகுத்தல் ஹெச்’ என்ற அலகில் எதிர்பார்த்தது, நான் வெறும் சூரிய எடையைக் கொடுத்திருந்தேன். ஹெச் என்பது ஹபிள் மாறிலியை 100-ஆல் வகுத்தது. அது 0.7 என்றால் எடையில் 43 விழுக்காடு தவறு. பெரிய கொத்துகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு தவறும். அந்த முட்டை வடிவம் என்னை எச்சரிக்கவே இல்லை. ஏனென்றால் பிழை வரம்பு என்பது நாம் கணக்கில் சேர்த்த சந்தேகங்களின் அளவு மட்டுமே. சேர்க்க மறந்தது அதில் தெரியாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட முரண்பாட்டுக்கு வருகிறேன். முதல் பெரிய அதிர்ச்சி பிளாங்க் செயற்கைக்கோளிடமிருந்து வந்தது. பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியிலிருந்து, அதாவது தொடக்கக் காலத்து ஒளியின் எச்சத்திலிருந்து, அது கணித்த கொத்துகளின் எண்ணிக்கையை விட, அதே செயற்கைக்கோள் சுன்யாயெவ்–ஸெல்டோவிச் விளைவு (கொத்தின் சூடான வாயு அந்தப் பின்னணியில் விடும் தடம்) மூலம் கண்ட கொத்துகள் குறைவு. 2015 பகுப்பாய்வில் 439 கொத்துகள். இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய, எக்ஸ் கதிர் எடை உண்மை எடையில் 58 விழுக்காட்டைத்தான் காட்டுகிறது என்று கொள்ள வேண்டியிருந்தது. உருவகப்படுத்தல்கள் சொன்னதோ 80 விழுக்காட்டுக்கு அருகில். இது புதிய இயற்பியலா, தராசுக் கோளாறா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் ஓடியது. நீங்கள் சொன்ன 0.65, டார்க் எனர்ஜி சர்வே என்ற வான்கணக்கெடுப்புக் குழு தன் முதலாண்டுத் தரவில், ஒளியியல் படங்களில் கேலக்ஸிகளின் நெரிசலை வைத்துத் தேர்ந்தெடுத்த கொத்துகளிலிருந்து வந்தது. அதில் ஒமேகா எம் 0.18 அளவுக்கு இறங்கிவிட்டது, வேறெந்த அளவீட்டோடும் ஒட்டவில்லை. அந்தக் குழுவே, குறைந்த கேலக்ஸிகள் கொண்ட கொத்துகளின் லென்சிங் எடையில் ஏதோ முறைசார் பிழை இருக்க வேண்டும் என்று கட்டுரையிலேயே எழுதியது. நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு சின்னக் கூட்டங்கள் நமக்கு ஒரே பெரிய கொத்தாகத் தெரிந்துவிடும். ஒளியியல் தேர்வின் தீராத தலைவலி இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒட்டாத விடையை ஒளிக்காமல் வெளியிட்டு, எங்கே சந்தேகம் என்றும் சொன்னார்கள். நான் மாணவர்களுக்குக் கட்டாயம் படிக்கக் கொடுப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

0.86 வந்தது இரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் முதல் வான்கணக்கெடுப்பிலிருந்து. எக்ஸ் கதிரில் கண்ட 5,259 கொத்துகள், எடைக்கல் லென்சிங்கிலிருந்து. ஒமேகா எம் 0.29, சிக்மா-8 0.88. அதே 2024-இல் தென்துருவத் தொலைநோக்கிக் குழு நுண்ணலையில் கண்ட 1,005 கொத்துகளை வைத்து ஒமேகா எம் 0.286, சிக்மா-8 0.817 என்றது. பிளாங்கின் பின்னணி அளவீடு ஒமேகா எம் 0.315, சிக்மா-8 0.811. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து என் கருத்தைக் கேட்டால்: ஒமேகா எம் 0.3-க்குப் பக்கத்தில் என்பதை நான் நம்புகிறேன். சிக்மா-8 0.8-லிருந்து 0.9-க்குள் என்பதையும் நம்புகிறேன். மூன்றாவது இலக்கத்தை வைத்து யாராவது ‘பிரபஞ்சத்துக்கான நிலையான மாதிரி உடைந்துவிட்டது’ என்றால், முதலில் எடைக்கல்லைக் காட்டுங்கள் என்பேன்.

ஒமேகா எம் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு, அது எண்ணிக்கையைச் சார்ந்ததே அல்ல. கொத்து அவ்வளவு பெரியது என்பதால், பிரபஞ்சத்தில் கரும்பொருளும் சாதாரணப் பொருளும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் அதனுள்ளும் இருக்க வேண்டும். கொத்துகளில் சாதாரணப் பொருள் சுமார் 15 விழுக்காடு. தொடக்கக் காலத்து அணுக்கரு உருவாக்கம், பிரபஞ்சம் முழுவதிலும் சாதாரணப் பொருளின் பங்கு சுமார் 0.05 என்கிறது. 0.05-ஐ 0.15-ஆல் வகுத்தால் 0.33. சைமன் ஒயிட்டும் மூவரும் 1993-இல் கோமாவை வைத்து இந்த வாதத்தை முன்வைத்தபோது, கோட்பாட்டாளர்களில் பெரும்பாலோர் ஒமேகா எம் 1 என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிரபஞ்சத்தின் விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றலுக்கு மீவிண்மீன் (சூப்பர்நோவா) ஆதாரம் வந்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து.

இதுவரை சொன்னது கரும்பொருள் எவ்வளவு என்பது. அது எப்படிப்பட்டது என்பதற்கும் கொத்துகள் ஓரளவு பதில் சொல்லும், ஓரளவுதான். கரும்பொருள் துகள்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளுமா என்பதற்கு நல்ல சோதனைக்கூடம் புல்லட் கொத்து. இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிச் சென்ற இடம் அது. வாயு உரசி நடுவில் பின்தங்கிவிட்டது. லென்சிங் காட்டும் எடையோ கேலக்ஸிகளோடு முன்னே போய்விட்டது. 2006-இல் வந்த அந்த வரைபடம் கரும்பொருளுக்கு நேரடிச் சான்று என்று கொண்டாடப்பட்டது, அது சரிதான். அதிலிருந்து, ஒரு கிராம் கரும்பொருளின் மோதல் பரப்பு சுமார் 1 சதுர செ.மீ.க்கு மேல் போகாது என்று கணித்தார்கள். 2015-இல் 72 மோதல்களைச் சேர்த்து 0.47 என்றார்கள், பிறகு வேறொரு குழு அதே தரவைத் திருத்திப் பார்த்து வரம்பு 2 வரை தளர்கிறது என்றது. ஆகவே ‘ஒன்றுக்குப் பக்கத்தில்’ என்பதற்கு மேல் துல்லியம் பேசாதீர்கள். கரும்பொருள் துகளின் எடை என்ன, அது ‘வெதுவெதுப்பானதா’ (தொடக்கத்தில் ஓரளவு வேகமாக ஓடியதா) என்று கேட்டால், கொத்துகளிடம் பதில் இல்லை. அதற்குக் குட்டி கேலக்ஸிகளிடம் போக வேண்டும். கொத்துக்குள் இருக்கும் சிறு திட்டுகளைப் பற்றி ஒரு புதிர் மட்டும் திறந்தே கிடக்கிறது. 2020-இல், கோயம்புத்தூரில் பிறந்த வானியற்பியலாளர் பிரியம்வதா நடராஜனும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, 11 கொத்துகளில் சிறு அளவிலான லென்சிங் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வலுவாக இருப்பதாகக் காட்டியது. உருவகப்படுத்தலின் நுணுக்கம் போதவில்லையா, கரும்பொருளிலேயே நமக்குத் தெரியாத குணம் இருக்கிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

ப்ராஜெக்ட் விஷயம். தாராளமாக எடுங்கள், ஒரு மடிக்கணினி போதும். பிளாங்கின் கொத்துப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் கொலோசஸ் என்ற தொகுப்பு எண்ணிக்கைச் சூத்திரத்தைத் தந்துவிடும். எடுத்த எடுப்பில் எம்.சி.எம்.சி.க்குப் போகாதீர்கள். முதல் மாதம் முழுக்க, ஒமேகா எம்-ஐ 0.25-லிருந்து 0.35 வரையும், சிக்மா-8-ஐ 0.75-லிருந்து 0.9 வரையும் கையால் மாற்றி, எண்ணிக்கை எப்படி ஆடுகிறது என்று வரைந்து பாருங்கள். அடுத்து எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு எடையை மட்டும் 10, 20, 30 விழுக்காடு கூட்டிக் குறைத்து வரையுங்கள். இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நான் மேலே எழுதியதெல்லாம் உங்கள் கையில் இருக்கும். வழிகாட்டிக்கும் அதுவே போதுமான தொடக்கம். தரமணி, கிண்டிப் பக்கம் இந்தத் துறையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு வரைபடங்களோடு போய் நில்லுங்கள், பேச உட்காரச் சொல்வார்கள். ஒன்றே ஒன்று: பிளாங்க் பட்டியலில் எடை என்று ஒரு பத்தி இருக்கும். அது வாயு முழுச் சமநிலையில் இருக்கிறது என்று கொண்டு போட்ட எடை, குறை சரிசெய்யப்படாதது. எதனால் வகுத்தீர்கள் என்பதை, 0.8-ஓ 0.6-ஓ, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.